சருகைக் கொளுத்தாமல் மண்ணைக் கட்டுவது எப்படி: மட்டக்களப்பு வளவுக்கும் வயலுக்கும் முழுமையான வழிகாட்டி

சருகு தானாக மண்ணை ஒட்டவைப்பதில்லை. அதைத் தின்னும் பற்றீரியாவும் பங்கசும் கசியவிடும் பசைதான் மணலையும் களியையும் சேர்த்துத் திரளாக்குகிறது. பங்கசின் மெல்லிய இழைகள் அந்தத் திரளைச் சுற்றிக் கட்டிப்போடுகின்றன. நுண்ணங்கிகள் செத்த பிறகு அவற்றின் உடல் எச்சம் களித்துணிக்கையில் ஒட்டிக்கொண்டு நெடுநாள் கிடக்கிறது. பயிர் நிலத்து மேல்மண்ணில் இருக்கும் சேதனக் காபனில் ஏறத்தாழப் பாதி இப்படிச் செத்த நுண்ணங்கிகளிலிருந்து வந்தது என்பது இப்போதைய கணிப்பு.

அதனால் கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இரண்டு கேள்விதான். இதனால் நுண்ணங்கிக்குச் சாப்பாடு கிடைக்கிறதா? அது இருக்கிற இடம் உடையாமல் இருக்கிறதா?

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் நடுவிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரு லோட் மாட்டெருவை இறக்கி, உழுது கலந்து, அடுத்த வாரமே கத்தரிக் கன்றை நட்டுவிடுகிறார்கள். மண் எப்படிப்பட்டது என்று பார்க்கவுமில்லை, அதிலிருந்து போய்க்கொண்டிருப்பதை நிறுத்தவுமில்லை. ஒழுங்கை மாற்றிச் செய்தால் போட்ட எருவில் பாதிப் பயனும் கிடைக்காது.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

பெரிய செலவு ஒன்றும் இல்லை. கண்ணாடிப் போத்தல் ஒன்று, தேத்தண்ணி வடி ஒன்று, இரு பக்கமும் வெட்டிய செமன் ரின் ஒன்று, மண்வெட்டி, கத்தி, உரப்பைகள், சின்னத் தராசு. இவற்றோடு ஒரு கொப்பி. என்ன போட்டோம், எப்போது போட்டோம் என்று எழுதி வைக்காதவருக்கு அடுத்த வருடம் எதுவும் தெரியாது.

காலம் முக்கியம். ஆவணி, புரட்டாசியில் சருகையும் குழையையும் சேர்த்துத் தயாராக வையுங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வெளியில் போட்ட சருகு காய்ந்து முறுகி அப்படியே கிடக்கும், இல்லாவிட்டால் பறந்துபோகும். ஈரம் இல்லாமல் நுண்ணங்கி வேலை செய்யாது. ஐப்பசியில் மாரிமழை தொடங்கும்போது சருகு நிலத்தில் இருந்தால், அடுத்த மூன்று மாதமும் வேலை தானாக நடக்கும்.

2. முதலில் மண்ணைப் பாருங்கள்

எழுவான்கரையில் கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடிப் பக்கம் பெரும்பாலும் கடல் மணல். வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குப் போனால் வண்டலும் களியும் கலந்த வயல் மண், மேட்டில் செம்மண்ணும் மண்ணிறமும். ஒரே சருகை இரண்டு கரையிலும் ஒரே அளவு போட்டாலும் பலன் ஒன்றாக வராது. காபனைப் பிடித்துவைப்பது களியும் வண்டலும்தான். மணல்துணிக்கையில் ஒட்டுவதற்குப் பரப்புப் போதாது.

போத்தல் சோதனை: போத்தலில் மூன்றிலொரு பங்கு மண், மிகுதிக்குத் தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரத் தூள். ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி அசைக்காமல் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். இரண்டு மணித்தியாலத்தில் அதன்மேல் படிவது வண்டல். அடுத்த நாளும் மேலே கலங்கி நிற்பது களி. சவர்க்காரத்துக்குப் பதிலாக உப்பைப் போடாதீர்கள், உப்பு களியைத் திரட்டி வேகமாகப் படியவைத்துக் கணக்கைக் குழப்பிவிடும்.

தேத்தண்ணி வடிச் சோதனை: இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். கடலை அளவு மண்கட்டிகள் சிலவற்றை இரண்டு நாள் நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். கிளாஸில் தண்ணீர் நிரப்பி, வடியை அதில் அமிழ்த்தி, கட்டியை மெதுவாக அதன்மேல் வையுங்கள். கையை எடுத்துவிட்டுச் சும்மா பாருங்கள்.

கட்டியிலிருந்து சின்னக் குமிழிகள் வரும். காய்ந்த துளைகளுக்குள் தண்ணீர் புகுந்து உள்ளிருக்கும் காற்றை நெருக்குகிறது. ஒட்டுப்பசை இல்லாத கட்டி அந்த நெருக்குதலைத் தாங்காமல் அரை நிமிடத்துக்குள் பொலபொலவென்று சரிந்து வடியின் கண்களால் இறங்கிவிடும். நுண்ணங்கி கட்டிய கட்டி ஐந்து நிமிடம் கழித்தும் உருக்குலையாமல் இருக்கும். வடியைத் தூக்கித் தூக்கி ஐந்து முறை நனைத்தாலும் பெரும்பகுதி மேலே நிற்கும்.

ஒரே வளவில் இரண்டு இடத்தில் எடுத்துப் பாருங்கள்: நாளாந்தம் கூட்டுகிற முற்றத்து ஓரத்தில் ஒன்று, வேலிக் கிளிசரிடியாவின் கீழே சருகு மக்கிக் கிடக்கிற இடத்தில் ஒன்று. இரண்டுக்கும் இடையில் பத்து அடிதான் இருக்கும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். வேலியடி மண்ணைக் கையில் பிட்டால் வெள்ளை நூல் போன்ற இழைகளும் அதில் தொங்கும் மணற்பொட்டுகளும் தெரியலாம். உங்கள் வளவில் அடையக்கூடிய அளவு எது என்பதை அந்த வேலியடிதான் காட்டும். வெளியூர்ப் படங்களைப் பார்த்து ஆசைப்படத் தேவையில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கட்டி சரிவது வேறு, தண்ணீர் பால்போலக் கலங்குவது வேறு. அசைக்காமலே கட்டியைச் சுற்றிப் பால் நிறத்தில் மூட்டம் கிளம்பினால் மண்ணில் சோடியம் கூடியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். வாவிக்கரை உவர் நிலங்களில் இது வரும். அங்கே சருகு மட்டும் போட்டு மண்ணைத் திருத்த முடியாது. சோடியத்தைக் கல்சியத்தால் விலக்கி, நல்ல தண்ணீரால் கழுவி வடியவிடவேண்டும். அந்தக் கல்சியத்தைத் தரும் ஜிப்சம் எவ்வளவு என்பதைப் பரிசோதனை இல்லாமல் முடிவு செய்யாதீர்கள், கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு மண்ணை அனுப்புங்கள்.

வெறும் மணலில் கட்டியே அகப்படாது. அதுவும் ஒரு விடைதான். நேரே எட்டாம் படியையும் சேர்த்து வாசியுங்கள்.

3. போடுவதற்கு முன் போவதை நிறுத்துங்கள்

இரண்டு வழியால் போகிறது: நெருப்பு, தேவையில்லாத உழவு.

வளவைக் கூட்டிச் சருகைக் குவித்துக் கொளுத்துவது எங்கள் வீடுகளில் விடிந்தால் நடக்கும் காரியம். சருகில் இருந்த காபனில் பெரும்பகுதி புகையாகப் போகிறது, நைதரசன் ஏறக்குறைய முழுதும் போகிறது. சாம்பலில் மிஞ்சுவது பொற்றாசியம், கல்சியம் போன்றவை. அதையும் முதல் மழை கரைத்துக்கொண்டு போகும்.

இதைச் சொன்னால், "மனே, சருகைக் கிடக்கவிட்டால் பாம்பு வந்து கிடக்கும்" என்று வீட்டிலுள்ள பெரியம்மா சொல்வார். அவர் சொல்வது நியாயம்தான். வாசலையும் நடைபாதையையும் கூட்டுங்கள். கூட்டியதைக் கொளுத்தாமல் தென்னை அடிக்கும் வாழை அடிக்கும் பாத்திக்கும் கொண்டுபோங்கள். சிரட்டையும் பிளாஸ்ரிக்கும் அதில் கலக்காமல் பாருங்கள், தண்ணீர் தேங்கினால் நுளம்பு பெருகும்.

உழவு அடுத்தது. ரொட்டவேற்றர் மண்ணை மாவாக்கும்போது திரளுக்குள் மறைந்திருந்த பழைய காபன் வெளியே வருகிறது. காற்றும் ஈரமும் சேர, நுண்ணங்கிகள் அதைத் தின்று காபனீரொட்சைட்டாக விட்டுவிடுகின்றன. பங்கசு இழைகள் அறுந்து போகின்றன. உழுத உடன் மண் பொதுபொதுவென்று இருப்பதைப் பார்த்து நல்லாயிற்று என்று நினைப்பார்கள். இரண்டு பெருமழைக்குப் பிறகு மேலே ஓடு கட்டும். மரக்கறிப் பாத்தியை ஒருமுறை உயர்த்திக் கட்டிவிட்டு, அப்புறம் நடுகிற குழியை மட்டும் கொத்துங்கள்.

4. சருகைத் தரம் பிரியுங்கள்

எல்லாச் சருகும் ஒன்றல்ல. நுண்ணங்கியின் உடலில் ஒரு பங்கு நைதரசனுக்கு ஏறத்தாழ எட்டுப் பங்கு காபன் இருக்கிறது. மூச்சுக்கும் சேர்த்து அதற்கு வேண்டிய சாப்பாடு ஒன்றுக்கு இருபத்தைந்து அளவில் இருக்கவேண்டும். கிளிசரிடியா இலை அதைவிட நைதரசன் கூடியது. வைக்கோலில் ஒன்றுக்கு 60 முதல் 80 வரை. மரத்தூளில் சில நூறு.

வேகமாகப் போவது: கிளிசரிடியா, முருங்கை, பயறு, கௌபிக் கொடி, பச்சைக் களைகள். பசளை உடனே கிடைக்கும், ஆனால் சில கிழமையில் காணாமல் போகும்.

மெதுவாகப் போவது: வைக்கோல், சோளன் தட்டு, வாழைச்சருகு, மா இலை. மண்ணை மூடிக் காக்கும்.

மிக மெதுவாகப் போவது: தென்னோலை, பொச்சு, கஜு இலை, சவுக்குச் சருகு. இவற்றை வெட்டிச் சிறிதாக்கி மேலே மட்டும் போடுங்கள்.

வாவியிலும் குளத்திலும் அள்ளுகிற ஆற்றுவாழை நல்ல பொருள்தான். கரையில் போட்டு வாடவிட்டுப் பிறகு கொண்டுவாருங்கள், பச்சையாக ஏற்றினால் நீங்கள் ஏற்றுவது பெரும்பாலும் தண்ணீர். நகரத்து வடிகான் விழுகிற இடத்தில் அள்ளியதைக் கீரைப் பாத்திக்குப் போடவேண்டாம், அது பாரமான உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும் செடி.

5. கலந்து, மேலே, ஈரத்தில் போடுங்கள்

வைக்கோலை மட்டும் மண்ணுக்குள் புதைத்தால் என்ன நடக்கும்? நுண்ணங்கிக்கு நைதரசன் போதாது, மண்ணில் உள்ளதை இழுத்துக்கொள்ளும். பயிர் மஞ்சளிக்கும். "சேதனப் பசளை போட்டேன், மிளகாய் வெளிறிப் போச்சு" என்று வருகிறவர்களில் பெரும்பாலானோர் செய்திருப்பது இதுதான்.

கிளிசரிடியாக் குழையை மட்டும் போட்டால் எதிர்ப்பக்கம். நுண்ணங்கி திடீரென்று பெருகி, போட்டதைத் தின்று முடித்து, மண்ணில் இருந்த பழைய காபனிலும் கைவைக்கும்.

இரண்டையும் கலவுங்கள். ஒரு கிலோ காய்ந்த வைக்கோலுக்கு ஒன்றரைக் கிலோ பச்சைக் கிளிசரிடியாக் குழை என்றால் கலவை ஒன்றுக்கு முப்பது அளவுக்கு வரும். நாலு கிலோ, ஆறு கிலோ என்று ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், பிறகு கண்ணளவே போதும். குழை இல்லாதவர் மாட்டெருவைச் சேர்க்கலாம், ஆனால் அதில் நைதரசன் குழை அளவுக்கு இல்லை, அதனால் கூடுதலாக வேண்டும்.

போடும் ஒழுங்கு இது. முதலில் பாத்தியை நனையுங்கள், இல்லாவிட்டால் மழைக்குக் காத்திருங்கள். நனைந்த மண்ணில் குழையைப் பரப்புங்கள். அதன்மேல் வைக்கோல் அல்லது சருகு, சதுர மீற்றருக்கு ஒரு கிலோ அளவில். குழை மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஈரத்தில் உடனே மக்கத் தொடங்கும், மேலே உள்ள வைக்கோல் அது காயாமல் காக்கும். மாற்றிப் போட்டால் குழை வெயிலில் கருகி, அதிலுள்ள நைதரசனில் ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றோடு போகும்.

காய்ந்த மண்ணில் தடிப்பாகச் சருகைப் போடுவது அடிக்கடி பார்க்கிற பிழை. சிறு மழை சருகிலேயே நின்றுவிடும், கீழே மண் காய்ந்தே கிடக்கும்.

செடியின் தண்டிலிருந்து ஒரு கை அகலம் விட்டுப் போடுங்கள். தண்டை ஒட்டிக் குவித்தால் அழுகும், தென்னங்கன்றாக இருந்தால் கறையான் ஏறும். கறையானுக்குப் பயந்து மூடுவதையே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுச் சுவர், வேலிக்கட்டை, கன்றின் அடி ஆகிய இடங்களைத் தவிர்த்தால் பெரிய தொல்லை வராது.

புதைத்தே ஆகவேண்டும் என்றால் மூன்று, நாலு கிழமை கழித்து நடுங்கள்.

6. வேரைப் பிடுங்காதீர்கள்

இந்தப் படியை எல்லாரும் தாண்டிப் போகிறார்கள், எனக்கு இதுதான் பெரிய படி. வேரிலிருந்து வரும் காபன் மண்ணில் தங்குகிற விகிதம், இலை, தண்டிலிருந்து வருவதைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. காரணம் இடம். வேர் ஏற்கெனவே மண்ணுக்குள், திரளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே சீனிப்பொருள்களைக் கசியவிட்டு நுண்ணங்கியை வளர்க்கிறது.

ஆகவே பயறு, கௌபி, வெண்டி முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் நிலமட்டத்தில் வெட்டுங்கள். தண்டை மேலே பரப்புங்கள். வேர் மக்கிய துளையால் அடுத்த மழை உள்ளே இறங்கும். நோய் பிடித்த கத்தரி, மிளகாய் மட்டும் விதிவிலக்கு, வாடல் நோய் கண்டதை வேரோடு எடுத்து அகற்றவேண்டும்.

பாத்தியை வெறுமனே விடவும் வேண்டாம். இரண்டு மரக்கறிப் பயிருக்கு நடுவே கௌபியோ சணலோ தூவுங்கள். பொசுபரசுப் பசளையை அள்ளிப் போடுகிற பாத்தியில் வேரோடு கூடி வாழும் பங்கசு குறையும், அதனால் பரிசோதனை சொல்கிற அளவோடு நிறுத்துங்கள்.

7. வயலுக்கு வேறு கணக்கு

சேற்று வயலில் திரளைத் தேடாதீர்கள். சேறடிப்பதே திரளை உடைத்துத் தண்ணீரை நிறுத்தத்தான். அங்கே காபன் தங்குவதற்குக் காரணம் வேறு: தண்ணீர் கட்டியதும் ஒட்சிசன் இல்லாமல் மக்கல் மெதுவாகிறது. அதே காரணத்தால் பூமியைச் சூடாக்கும் வாயுவான மெதேனும் வருகிறது.

அதனால் வயலில் முக்கியமானது வைக்கோலை எப்போது உள்ளே அனுப்புகிறோம் என்பது. தண்ணீர் கட்டுவதற்குச் சற்று முன் புரட்டினால் பெரும்பகுதி தண்ணீருக்கடியில் மக்கி மெதேன் கூடும், நாற்றின் வேரும் பாதிக்கப்படும். ஒரு மாதத்துக்கு மேல் முந்திப் புரட்டினால் ஈர மண்ணில் காற்றோடு மக்கிவிடும். மெதேனைக் கூட்டுவதில் இதன் பங்கு, கடைசி நேரத்தில் புரட்டுவதில் ஐந்திலொன்று அளவுதான் என்பது அனைத்துலகக் காலநிலைக் கணக்கீட்டு முறையில் 2019இல் வந்த திருத்தம்.

பெரும்போகத்துக்கு: சிறுபோக அறுவடை முடிந்ததும் வைக்கோலை வயல் முழுவதும் மெல்லியதாகப் பரப்பிவிடுங்கள். அறுவடை இயந்திரம் வரிவரியாகக் கொட்டிவிட்டுப் போவதை அப்படியே விட்டால் ஓரிடம் மக்காது, இன்னோரிடம் வெறுமையாகக் கிடக்கும். முதல் மழைக்கு மேலோட்டமாக ஒரு உழவு போதும்.

சிறுபோகத்துக்கு: மாசி, பங்குனியில் வெட்டி, சித்திரையில் விதைக்கிறவர்களுக்கு நாள் போதாது. வைக்கோலை மாட்டுக்குக் கொடுத்து எருவாகத் திரும்ப எடுங்கள், அல்லது மேட்டுநிலப் பாத்திக்கு ஏற்றுங்கள். எரிக்கவேண்டாம். நெற்பயிர் எடுத்த பொற்றாசியத்தில் பெரும்பங்கு மணியில் இல்லை, வைக்கோலில்தான் இருக்கிறது.

8. மணல் வளவுக்குக் கூடுதலாக

மணலில் காபன் ஒட்ட இடமில்லை என்றால் இடத்தைக் கொண்டுவரவேண்டும். இரண்டு வழி.

ஒன்று, குளத்து வண்டல். குளம் வற்றும் காலத்தில் அனுமதியோடு எடுத்த வண்டலைப் பாத்தியின் மேல் பரப்பிச் சருகோடு சேர்த்து விடலாம். கட்டியாகக் கொட்டிவிட்டால் கட்டியாகவே கிடக்கும், காயவைத்து நொறுக்கிப் போடுங்கள்.

மற்றது, உமிக்கரி. சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து நெல் ஆலைகளில் உமிக்குப் பஞ்சமில்லை. உமியை எரித்து, அது கரியாகக் கறுத்ததும் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடவேண்டும். விட்டுவைத்துச் சாம்பல் வெளுத்துவிட்டால் காபன் போய்விட்டது. கரி மக்குவதற்குப் பல பத்து ஆண்டுகள், அதற்கு மேலும் எடுக்கும், ஆனால் அதில் நுண்ணங்கிக்குச் சாப்பாடு மிகக் குறைவு. எருக்கரைசலில் ஊறவைத்துப் போடுங்கள். வெறுங்கரியைப் போட்டால் அது முதலில் உங்கள் பசளையைத்தான் உறிஞ்சும்.

9. எதை எப்போது எதிர்பார்க்கலாம்

மண் அமைப்பு வேகமாக மாறும், காபன் மெதுவாக ஏறும். இதை விளங்கிக்கொள்ளாதவர்கள் ஒரு போகத்தோடு கைவிடுகிறார்கள்.

ஒரு மாரி முழுக்க மூடிக் கிடந்த பாத்தியில் வடிச் சோதனை மாறுவதைக் காணலாம். மழை விழுந்ததும் தண்ணீர் தேங்காமல் இறங்கும். ஆனால் இந்த ஒட்டும் நிரந்தரமல்ல. சாப்பாடு நின்றால் பசையையும் நுண்ணங்கியே தின்றுவிடும்.

காபனுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் 15 சென்ரிமீற்றர் ஆழத்து மண் ஏறத்தாழ 800 தொன். அதில் காபனை 0.1 சதவீதம் கூட்ட 800 கிலோ காபன் நிலைத்து நிற்கவேண்டும். ஏக்கருக்கு 2 தொன் வைக்கோலில் இருப்பது ஏறத்தாழ 800 கிலோ காபன். சரி, ஒரே போகத்தில் முடிந்துவிடுமே என்று தோன்றும். ஆனால் பெரும்பங்கு மூச்சாகப் போய்விடும். பத்திலொன்று தங்குகிறது என்று வைத்துக்கொண்டால் பத்துப் போகம் வேண்டும்.

எங்கள் சூட்டிலும் ஈரத்திலும் மக்கல் வேகம் கூட. ஒரே தாவரப் பொருளை நைஜீரியாவின் இபதானிலும் இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட்டிலும் மண்ணில் இட்டு ஒப்பிட்ட ஆய்வு 1977இல் வெளிவந்தது. இபதானில் நான்கு மடங்கு வேகமாக மக்கியது. குளிர்நாட்டு வழிகாட்டிகளில் வருடத்துக்கு ஒருமுறை போடச் சொன்னால், இங்கே ஒவ்வொரு போகத்துக்கும் போடவேண்டும்.

10. அளந்து பார்ப்பது

வடிச் சோதனையை ஒவ்வொரு மாரி முடிவிலும் செய்யுங்கள், பாத்தி மண்ணையும் வேலியடி மண்ணையும் பக்கத்தில் வைத்து.

காபனுக்கு ஆய்வுகூடம்தான் வழி. வளைந்து வளைந்து நடந்து பத்து இடத்தில் 15 சென்ரிமீற்றர் ஆழம் வரை எடுத்து, கலந்து, அரைக் கிலோவை நிழலில் காயவைத்து அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் அதே மாதத்தில், அதே ஆழத்தில். மூன்று, நாலு வருடத்துக்கு ஒருமுறை போதும். அதற்குள் வரும் மாற்றம் சோதனையின் வழமையான ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துவிடும்.

சதவீதம் மட்டும் போதாது. மூடிக் கிடந்த மண் இளகிப் பாரம் குறையும், அதனால் சதவீதம் கூடினாலும் ஏக்கருக்கான காபன் அதே அளவு கூடியிருக்காது. இதற்குத்தான் செமன் ரின். ஈர மண்ணில் ரின்னை நேராக அழுத்தி இறக்கி, சுற்றி வெட்டி எடுத்து, இரு முனையையும் கத்தியால் மட்டமாகச் சீவுங்கள். மண்ணைச் சட்டியில் நன்றாகக் காயவைத்து நிறுங்கள். நிறையை ரின்னின் கொள்ளளவால் வகுத்தால் மண்ணின் அடர்த்தி. சதவீதம், அடர்த்தி, ஆழம் மூன்றையும் பெருக்கித்தான் காபனின் அளவைச் சொல்லவேண்டும்.

மாதிரி எடுக்கும்போது மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு மண்ணை மட்டும் எடுங்கள். எரு போட்ட கிழமையில் எடுக்காதீர்கள், மக்காத எருத்துண்டும் காபனாகக் கணக்கில் ஏறி, இல்லாத முன்னேற்றத்தைக் காட்டும். அனுப்புமுன் 2 மில்லிமீற்றர் வலையால் சலித்து, தெரிகிற வேரையும் துரும்பையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.